விமான மைல்களைச் சேமிக்காதீர்கள், செலவழியுங்கள்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கைக்கு எது வந்தாலும் பத்திரப்படுத்தி வைப்பது. பி.எஃப்., எல்.ஐ.சி., தபால் நிலையச் சேமிப்பு தொடங்கி, கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை வரை எல்லாம் பீரோவில் போய் உட்காரும். "என்றைக்காவது உதவும்" என்பது நம் தாரக மந்திரம். அந்த மந்திரம் வாழ்க்கையில் பல இடங்களில் பலித்திருக்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் விமான நிறுவனங்கள் தரும் மைல்களிலும், பெரிய ஓட்டல்கள் தரும் பாயிண்ட்களிலும் அது பலிக்காது. வைத்திருந்தால் வளர்வது பணம். வைத்திருந்தால் தேய்வது மைல். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது தெருவுக்கு நான்கு வீட்டிலாவது பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். பேத்தி பிறந்தாள், பேரனுக்கு ஆயுஷ்ஹோமம், வீடு கிரகப்பிரவேசம் என்று நாமும் விமானம் ஏறிக்கொண்டே இருக்கிறோம். காலை நடைப்பயிற்சியில் பேச்சு சர்க்கரை அளவிலிருந்து மெதுவாக விமான டிக்கெட் விலைக்கு வந்துவிடும். "சார், மைல்ஸ் மைல்ஸுனு பையன் சொல்றான். அது என்ன, நமக்கு ஏதாவது கிடைக்குமா?" என்று யாராவது கேட்பார்கள். இன்னொருவர், "அதெல்லாம் ஏமாத்து வேலை சார்" என்பார். இருவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. கிடைக்கும். கவனமாக இல்லாவிட்டால் ஏமாற்றமும் கிடைக்கும்.

முதலில் இது எப்படி வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணங்கள் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். போட்டி கடுமையானது. ஒரே ஊருக்குப் பல நிறுவனங்கள் பறந்தால், பயணி ஏன் நம்மிடமே வர வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடையாக 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் "அட்வான்டேஜ்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. பறந்த தூரத்தை மைல் கணக்கில் எழுதி வைத்து, குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் இலவச டிக்கெட் கொடுத்தது. சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனமும் அதேபோல் ஒன்றைத் தொடங்கியது. 1983-ல் ஹாலிடே இன், மேரியட் போன்ற ஓட்டல்களும் இதே வழிக்கு வந்தன.

ஆரம்பத்தில் மைல் என்றால் உண்மையிலேயே மைல்தான். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 1,800 மைல். போனால் அதற்கேற்பக் கணக்கில் ஏறும். பிறகு மெதுவாக மாறியது. 2015-ல் டெல்டா, யுனைடெட் நிறுவனங்களும், 2016-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும், எத்தனை தூரம் பறந்தீர்கள் என்பதை விட்டுவிட்டு, டிக்கெட்டுக்கு எத்தனை டாலர் கொடுத்தீர்கள் என்று பார்த்து மைல் கொடுக்க ஆரம்பித்தன. பெயர் மட்டும் மைல் என்றே நிற்கிறது. நம் ஊரில் படி, ஆழாக்கு எல்லாம் போய்விட்ட பிறகும் வாயில் அந்தச் சொல் இருப்பதுபோல.

மைல் என்பது என்ன என்று என்னைக் கேட்டால், கடைக்காரர் தானே அச்சடித்துக் கொடுக்கும் நோட்டு என்பேன். "அடுத்த முறை வாங்க, இதைக் காட்டினால் சாமான் தருகிறேன்" என்கிறார். நோட்டை அச்சடிப்பவரும் அவர். அதற்கு எவ்வளவு சாமான் என்று நிர்ணயிப்பவரும் அவர். நேற்று 20,000 மைலுக்குக் கிடைத்த டிக்கெட், நாளை 25,000 ஆகலாம். ரிசர்வ் வங்கி கிடையாது, வட்டி கிடையாது. இந்த விலையேற்றம் எப்போதாவது நடப்பதல்ல, எல்லா நிறுவனங்களிலும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நடப்பதுதான். ஆகவே பத்து வருஷம் பொத்திப் பொத்தி வைத்தவரைவிட, சேர்ந்ததும் செலவழித்தவர் எப்போதும் லாபம் அடைந்திருப்பார்.

நிறுவனங்களுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். கொஞ்சநஞ்சமல்ல. வங்கிகள் தங்கள் கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக மைல்களை விமான நிறுவனத்திடமிருந்து ரொக்கம் கொடுத்து வாங்குகின்றன. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைல் திட்டத்தையே அடமானமாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா அதேபோல் 900 கோடி டாலர் திரட்டியது. அடுத்த ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1,000 கோடி டாலர். நாம் பீரோவில் வைத்திருக்கும் தாம்பூலப் பையை வைத்து யாராவது கடன் வாங்க முடியுமா? அவர்கள் வாங்கினார்கள். இதிலிருந்து தெரிவது, இது தர்ம காரியம் அல்ல, நன்றாக நடக்கும் வியாபாரம். வியாபாரம் என்று தெரிந்துகொண்டு நம் பங்கை வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

உறுப்பினராவதற்குக் காசு வேண்டாம். விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், கைப்பேசி எண் கொடுத்தால் ஓர் உறுப்பினர் எண் வரும். அவ்வளவுதான். காசு கேட்டு யாராவது கூப்பிட்டால் அது வேறு ஏதோ.

இங்கே தமிழர்களான நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு இனிஷியல் விரிந்து அப்பா பெயர் சர்நேமாக நிற்கும். சிலருக்கு அந்த இடம் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் டிக்கெட்டில் ஒரே பெயர் இரண்டு முறை வரலாம், அல்லது பெயரோடு எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்து ஒட்டிக்கொள்ளலாம். "முதல் பெயர் தெரியாது" என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அறுபது வருஷம் ஒரே பெயரோடு வாழ்ந்தவருக்கு முதல் பெயர் தெரியாதாம்! சிரித்துவிட்டு விடலாம், ஆனால் மைல் கணக்கில் எஸ். ராமநாதன் என்றும் டிக்கெட்டில் ராமநாதன் சுப்பிரமணியன் என்றும் இருந்தால் கணினி இருவரையும் வேறு வேறு ஆளாக எண்ணி மைலைச் சேர்க்காது. ஆகவே உறுப்பினராகும்போது வங்கிப் பாஸ்புக்கையோ ஆதாரையோ பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டையும் பழைய டிக்கெட் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அதேபோல் நிரப்புங்கள்.

அடுத்தது, எந்த நிறுவனம்? போகும் விமானத்தில் எல்லாம் ஓர் எண் வாங்கிக் கொண்டால், எட்டுக் கணக்கில் எட்டு நூறு மைல் கிடக்கும். ஒன்றுக்கும் உதவாது. ஒரே உண்டியலில் போட வேண்டும். இதற்கு வசதியாக உலக விமான நிறுவனங்கள் மூன்று கூட்டணிகளாக இருக்கின்றன. 1997-ல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ், 1999-ல் வந்த ஒன்வேர்ல்டு, 2000-ல் வந்த ஸ்கைடீம். ஏர் இந்தியா 2014-ல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, யுனைடெட், தாய் ஏர்வேஸ் எல்லாம் அதில்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஸ்ரீலங்கன், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆகியவை ஒன்வேர்ல்டு. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது.

கூட்டணியில் ஒரு நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்து இன்னொரு நிறுவனத்தில் பறக்கலாம். மைல் முதல் நிறுவனத்தின் கணக்கில் சேரும். பெண் சிங்கப்பூரில், அடிக்கடி போகிறோம் என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் பொருத்தம். அதன் துணை நிறுவனமான ஸ்கூட்டில் போனாலும் அதில் சேர்க்கலாம். மகன் அமெரிக்காவில், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் போகிறோம், இந்த முறை லுஃப்தான்சா, அடுத்த முறை ஏர் இந்தியா என்றால், காலாவதி இல்லாத கணக்கு நல்லது. யுனைடெட் நிறுவனத்தின் மைலேஜ்ப்ளஸ் கணக்கில் மைல்களுக்கு 2019 முதல் காலாவதி கிடையாது. சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் போகும் லுஃப்தான்சா டிக்கெட்டில்கூட அந்த எண்ணைக் கொடுக்கலாம்.

காலாவதி என்பது முக்கியமான விஷயம். கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருஷம். நடுவில் நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் பழைய மைல் தன் நாளில் போய்விடும். எமிரேட்ஸிலும் ஏறக்குறைய மூன்று வருஷம், உங்கள் பிறந்த மாதக் கடைசியில் கணக்கு முடிப்பார்கள். கத்தார் நிறுவனத்தின் ஏவியாஸில் வேறு முறை: 36 மாதத்துக்குள் ஒரு முறையாவது கணக்கில் வரவோ செலவோ இருந்தால் எல்லாம் உயிரோடு இருக்கும். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் அதுவே 24 மாதம். நம்மைப்போல எப்போதாவது பறப்பவருக்கு, எவ்வளவு மைல் தருகிறார்கள் என்பதைவிட எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

டிக்கெட் எடுக்கும்போதே உறுப்பினர் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் டிக்கெட் எடுப்பது பிள்ளைகள்தான், ஆகவே வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு எண்ணை அனுப்பி வையுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: பணம் கட்டியவர் மகனாக இருந்தாலும், மைல் சேர்வது பறந்தவருக்குத்தான். கணவனுக்குத் தனி, மனைவிக்குத் தனி. அம்மாக்கள் பெயரில் கணக்கே தொடங்காமல் விடுவது நம் வீடுகளில் சகஜம். இருவரும் சேர்ந்து போகும்போது பாதி மைல் காற்றில் போகிறது. எமிரேட்ஸிலும் பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் குடும்பத்தினர் மைல்களை ஒரே கணக்கில் சேர்த்துப் பயன்படுத்தும் வசதி உண்டு. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மிக மலிவான டிக்கெட்டுகளுக்கு மைல் குறைவாகவே வரும், சிலவற்றுக்கு வராமலும் போகும். அதற்காக அதிக விலை டிக்கெட் எடுக்க வேண்டாம். போர்டிங் பாஸைத் திரும்பி வந்தவுடன் கிழித்துப் போடாமல், மைல் கணக்கில் ஏறியதைப் பார்க்கும்வரை வைத்திருங்கள். ஏறாவிட்டால் சில மாதங்களுக்குள் கேட்டு வாங்கலாம். அதற்கு டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் கேட்பார்கள்.

இனி செலவுக்கு வருவோம். ஒரு மைலின் மதிப்பை அறிய நாலாங்கிளாஸ் கணக்குப் போதும். டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல் கொடுத்த பிறகும் நாம் கட்ட வேண்டிய வரியைக் கழித்து, மைல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு டிக்கெட் 45,000 ரூபாய். அதையே 40,000 மைலும் 9,000 ரூபாய் வரியும் கொடுத்து வாங்கலாம் என்று வையுங்கள். மிச்சம் 36,000 ரூபாய். ஒரு மைலுக்கு 90 காசு. அதே நிறுவனம் தன் பரிசுப் பட்டியலில் 4,000 ரூபாய் மிக்ஸியை 20,000 மைலுக்குத் தருகிறது என்றால், மைலுக்கு 20 காசு. மிக்ஸி வாங்கியவர் சந்தோஷமாக வீட்டுக்கு வருவார், கணக்குப் பார்த்தால் முக்கால் பங்குக்கு மேல் விட்டுவிட்டு வந்திருப்பார். பொதுவாக மைலை விமானத்துக்கே செலவழிப்பதுதான் லாபம்.

"இலவச டிக்கெட்" என்பது முழுக்க இலவசம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரியும், சில நிறுவனங்களில் எரிபொருள் கட்டணம் போன்றவையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். லண்டன் வழியில் இது கணிசமாக இருக்கும். சில சமயம் அந்தத் தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் முழு டிக்கெட்டே வாங்கிவிடலாம் போலிருக்கும். அப்படியானால் ரொக்கம் கொடுத்து வாங்கி, மைலை வேறு பயணத்துக்கு வைத்துக்கொள்வதே சரி.

மைலுக்குக் கிடைக்கும் இடங்கள் ஒவ்வொரு விமானத்திலும் கொஞ்சம்தான். பெரும்பாலான நிறுவனங்கள் ஏறத்தாழ 11 மாதத்துக்கு முன்பே அவற்றைத் திறந்துவிடுகின்றன. பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், பொங்கல் சமயங்களில் முந்தியவருக்குத்தான். இதில் ஓய்வுபெற்ற நமக்கு ஒரு வசதி உண்டு. வேலையில் இருப்பவருக்கு லீவு நாள்தான் கிடைக்கும். நமக்குச் செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றுதான். செப்டம்பரில் போய்விட்டு நவம்பரில் வரலாம். பிரசவத்துக்குப் போவதென்றால்கூட ஆறு மாதம் முன்பே தேதி ஓரளவு தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் நம் வயதில் மைலுக்கு மிக நல்ல உபயோகம், நீண்ட இரவுப் பயணத்தில் பிசினஸ் வகுப்புக்கு மாறிக்கொள்வதுதான். எட்டு, பத்து மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு இறங்கும்போது கால் வீங்குவதை அனுபவித்தவருக்கு இதன் அருமை தெரியும். ஆனால் மிக மலிவான டிக்கெட்டுகளில் இப்படி மாற முடியாது என்று பெரும்பாலும் விதி இருக்கும். வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலி உதவிக்கு மைல் தேவையில்லை. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி வைத்தால் போதும்.

ஓட்டல் பாயிண்ட்களைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. நாம் வெளிநாடு போனால் பிள்ளை வீட்டில் தங்குகிறோம். காசி, ராமேஸ்வரம் போனால் மடத்திலோ சத்திரத்திலோ லாட்ஜிலோ தங்குகிறோம். அங்கே யார் பாயிண்ட் தருகிறார்கள்? வருஷத்துக்கு நான்கைந்து இரவாவது ஒரே ஓட்டல் குழுமத்தில் தங்குபவருக்குத்தான் இது பயன்படும். உறுப்பினர் ஆவது இலவசம், உறுப்பினருக்கு வாடகையில் சிறு தள்ளுபடி கிடைப்பதுண்டு, அதற்காகச் சேரலாம். ஆனால் ஓட்டலின் சொந்த இணையதளத்தில் நேராகப் பதிவு செய்தால்தான் பாயிண்ட் வரும். மற்ற டிராவல் செயலிகள் வழியே போட்டால் பெரும்பாலும் வராது. காலாவதி இங்கேயும் உண்டு. மேரியட், ஹில்டன் இரண்டிலும் 24 மாதம் கணக்கில் அசைவு இல்லாவிட்டால் பாயிண்ட் போய்விடும். ஹாலிடே இன் இருக்கும் ஐ.எச்.ஜி. குழுமத்தில் சாதாரண உறுப்பினருக்கு 12 மாதம்தான். டாடா குழுமத்தின் தாஜ் ஓட்டல்களில் நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்று நேரடிக் கணக்கு. நம் தலைமுறைக்கு அந்த மாதிரிதான் மனதுக்கு ஒத்துவரும்.

அடுத்தது கிரெடிட் கார்டு. பெரும்பாலோர் மைலை வானத்தில் சேர்ப்பதில்லை, தரையில் கார்டைத் தேய்த்துத்தான் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே கார்டு வைத்திருந்து, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுபவர், மருந்துச் செலவு, மின்கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றை அதில் செலுத்திப் பாயிண்ட் சேர்ப்பதில் தவறில்லை. அதிலும் சில செலவுகளுக்குப் பாயிண்ட் தர மாட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மைலுக்காகவே புதிதாகக் கார்டு வாங்குவது, ஆண்டுக் கட்டணம் கட்டுவது, "இன்னும் பத்தாயிரம் செலவழித்தால் போனஸ்" என்பதற்காகத் தேவையில்லாததை வாங்குவது எல்லாம் கூடவே கூடாது. ஒரு மாதம் பாக்கி வைத்தால் பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம் அளவில் இருக்கும், அதாவது வருஷத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல். அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. எந்த மைலும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது.

மைல் வேட்டைக்காரர்கள் எப்போதும் ஒரு கதை சொல்வார்கள். 1999-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பொறியாளர், புட்டிங் டப்பாக்களின் சீட்டுக்கு மைல் தருவதாக வந்த விளம்பரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சுமார் 3,140 டாலருக்கு 12,150 டப்பா வாங்கினார். புட்டிங்கைத் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்து, சீட்டை அவர்களை வைத்தே உரிக்கச் செய்து, பன்னிரண்டரை லட்சம் மைல் சம்பாதித்தார். உண்மைக் கதைதான். ஆனால் அது ஒரு நிறுவனம் கணக்கில் அசந்த ஒரே தடவை நடந்தது. அதற்குப் பிறகு அவர்கள் உஷாராகிவிட்டார்கள். நம் வீட்டுச் சமையலறையில் 12,000 டப்பாவுக்கு இடமும் இல்லை.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. "உங்கள் 9,850 பாயிண்ட் இன்று இரவோடு காலாவதியாகிறது, உடனே பணமாக மாற்ற இந்த இணைப்பை அழுத்தவும்" என்று வங்கியின் பெயரில் குறுஞ்செய்தி வரும். வாட்ஸ்அப்பில் ஒரு செயலியே வந்து விழும். அழுத்தினால் கைப்பேசி அவர்கள் கைக்குப் போய்விடும், ஓ.டி.பி.யும் அவர்களுக்கே தெரியும். இருக்கும் பாயிண்டின் மதிப்பு ஆயிரம் ரூபாய்கூட இருக்காது, போவது ஓய்வூதியக் கணக்கில் உள்ள லட்சம். இந்த மோசடிக்காரர்கள் நம்மைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே, எதையும் வீணாக்க மனம் வராத நம் குணம்தான். பாயிண்ட் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். நீங்களாக நிறுவனத்தின் தளத்துக்குப் போய்ப் பாருங்கள். ஏதாவது நடந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அந்த முதல் சில மணி நேரம் முக்கியம்.

கடைசியாக, மைல் யாருடைய சொத்து? நம்முடையது என்றுதான் நினைக்கிறோம். விதிமுறைகளைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். அமெரிக்காவில் ஒரு யூத மதகுரு நார்த்வெஸ்ட் நிறுவனத்தில் நிறையப் பறந்து உயர்ந்த உறுப்பினர் தகுதியில் இருந்தவர். அடிக்கடி புகார் செய்கிறார் என்று சொல்லி 2008-ல் அவரைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். 2014-ல் உச்ச நீதிமன்றம், 1978-ம் வருடச் சட்டத்தின்படி அந்தக் கோரிக்கை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2012-ல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியபோது அந்த மைல்களை வைத்திருந்தவர்கள் என்ன செய்ய முடிந்தது? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது, ஆனால் மைல் சேர்த்தவர்கள் பறக்க நினைத்த விமானம் இல்லை.

இறந்துபோனால்? வங்கிக் கணக்குக்கு நாமினி உண்டு, எல்.ஐ.சி.க்கு உண்டு. மைலுக்கு வாரிசுரிமை கிடையாது என்பது பல நிறுவனங்களின் விதி. சில இடங்களில் மரணச் சான்றிதழைக் காட்டிக் கேட்டால் துணைவருக்கு மாற்றித் தருவார்கள், சில இடங்களில் கணக்கையே மூடிவிடுவார்கள். வார்த்தை கசப்பாக இருக்கலாம், ஆனால் எழுபது வயதில் பத்து வருஷத் திட்டமாக மைல் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், மனைவியை ஒரு முறை பிசினஸ் வகுப்பில் அழைத்துப் போக வேண்டும் என்று வருஷக்கணக்கில் மைல் சேர்த்தார். "இன்னும் கொஞ்சம் சேரட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். மைல் போதுமான அளவு சேர்ந்தபோது அந்த அம்மாளால் பயணம் செய்ய முடியவில்லை. எந்த நிறுவனத்தின் மேலும் குற்றமில்லை. நம் பழைய மந்திரம் பலிக்காத இடம் அது.

"எதுக்கு சார் இந்தத் தலைவலி, விட்டுத் தள்ளுங்க" என்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பறப்பவர் தாராளமாக விட்டுத் தள்ளலாம். மற்றவர்களுக்கு இதற்காகும் நேரம் வருஷத்துக்கு ஒரு பிற்பகல்தான். மைலுக்காக விமானத்தை மாற்றாதீர்கள். ஒரே விமானத்தில் போக முடிகிறபோது, மைல் அதிகம் என்று இரண்டு இடத்தில் இறங்கி ஏறும் வழியில் போகாதீர்கள். நம் முதுகுக்கும் மதிப்பு உண்டு.

இந்த வாரம் ஒரு நாள் மத்தியானம் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கணவன், மனைவி இருவருக்கும் என்னென்ன உறுப்பினர் எண் இருக்கிறது, எவ்வளவு மைல், எப்போது காலாவதி என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தது என்பதையும் எழுதி, அந்தப் பக்கம் இருப்பதைப் பிள்ளையிடமோ பெண்ணிடமோ சொல்லி வையுங்கள். பிறகு ஒரு பயணத்துக்குப் போதுமான மைல் இருந்தால், அடுத்த பயணத்துக்கே அதைச் செலவழித்துவிடுங்கள். "இதைவிட நல்ல சந்தர்ப்பம் வரும்" என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள்.